எர்த் குழியின் ஈரம்

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பது.

ஈஸ்வரவடிவு மின் ஆய்வாளர். சவரிமுத்து பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளிடம் உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரே அளந்து, அவரே கையெழுத்துப் போட வேண்டும்.

பேருந்தை விட்டு இறங்கிச் சாயப்பட்டறைக்கு நடந்தார்கள். சித்திரை வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"என் வீட்டுக்காரிக்குக் காசநோய். மூணு மாசத்துல உடம்பு தேறிடுச்சுன்னு மாத்திரையை விட்டுட்டா. இப்ப எந்த மருந்தும் கேக்க மாட்டேங்குது. ரெசிஸ்டன்ஸ்ங்கிறார் டாக்டர். நீங்களும் கம்பிக்கும் மண்ணுக்கும் அதையேதான் சொல்றீங்க. எல்லாம் ஒண்ணுதானா? அது நல்லதா, கெட்டதா?"

அவள் ஒரு வெடிப்பைத் தாண்டினாள்.

"மலையில வண்டி ஓட்டியிருக்கீங்களா?"

"பதினாலு வருசம்."

"இறக்கத்துல வண்டியை நிறுத்துறது எது?"

"பிரேக்."

"ஏத்தத்துல எதிர்க்காத்து அடிச்சா?"

"டீசலைக் குடிக்கும், சனியன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப என் பொண்டாட்டி நெஞ்சுல இருக்கிறது?"

"மருந்துக்குச் சாகாம மிஞ்சின கிருமி பெருகியிருக்கு. அது பக்கம் நின்னு பார்த்தா, அதுக்கு நல்லதுதான்."

"நல்லா ஆறுதல் சொல்றீங்க."

"ஆறுதல் கேட்டிருந்தா வேற சொல்லியிருப்பேன்."

பட்டறை வாசலில் நான்கு பெண்கள் குந்தியிருந்தார்கள். யார் காலிலும் செருப்பில்லை. கணுக்கால் வரை நீலம் ஏறியிருந்தது.

மானேஜர் திரவியம் எதிரே ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க. மோர் குடிக்கிறீங்களா? புது சாரா? மீசையைப் பார்த்தாலே கரண்ட் பயந்து ஓடிருமே!"

உள்ளே, சாயம் போட்ட நூலைச் சுற்றிப் பிழியும் இயந்திரம் நின்றது. அதன் இரும்புடம்பில் மின்சாரம் கசிந்தால் மண்ணுக்குள் ஓடிவிட ஒரு வழி வேண்டும். அதற்காகப் பின்கட்டில் ஒரு எர்த் குழி: உப்பும் கரியும் நிரப்பி, நடுவில் ஒரு குழாய். குழி காய்ந்துபோனால் மண் தடுக்கும். மண் தடுத்தால், தொட்டவர் உடம்புதான் வழி.

சவரிமுத்து இரும்பு முளைகளை மண்ணில் அடித்தார். மீட்டரை மாட்டினார். முள் நின்ற இடத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு புள்ளி எட்டு ஓம். அஞ்சுக்குக் கீழ இருந்தா போதும். பிரமாதம்."

"நாங்கதான் தினம் தண்ணி ஊத்துறோமே" என்றார் திரவியம். மோர் எடுத்துவர உள்ளே போனார்.

பின்கட்டு வாசலில் வந்து நின்ற செல்லக்கிளி, நால்வரில் மூத்தவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"தினமுமா? வருசத்துக்கு ஒரு நாள்தான் அந்தக் குழிக்கு அபிஷேகம். இன்னைக்குக் காலையில இருபது குடம். எங்களுக்குக் குடிக்க ஒரு செம்பு கிடையாது. குழி என்ன மாப்பிள்ளையா?"

சவரிமுத்து குழியைப் பார்த்தார். அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மண் கறுத்துக் குழைந்திருந்தது. அதற்கப்பால் வெடிப்புகள்.

"போன வருசமும் இப்படித்தான். பார்த்துட்டு, நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. இருபத்தாறாம் நாள் எங்ககூட வேலை பார்த்த மாரிக்கனி அந்த மெஷின்ல கையை வச்சா." அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "குளிப்பாட்டுறப்பத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தோம். கால்ல இருந்த நீலம் போகவே இல்ல."

ஈஸ்வரவடிவு மீட்டரின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அதுக்காக எழுதாமப் போயிராதீங்க சார். சர்ட்டிபிகேட் முடிஞ்சு மூணு நாளா பட்டறை பூட்டு. அடுப்பும் பூட்டு" என்றாள் செல்லக்கிளி. உள்ளே காலடிச் சத்தம் கேட்டதும் நகர்ந்துவிட்டாள்.

மோர் வந்தது. யாரும் குடிக்கவில்லை. திரவியம் போன பிறகு சவரிமுத்து படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"என்ன செய்யட்டும்மா?"

"உங்க கையெழுத்து."

"மீட்டர் பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லாது."

"இன்னைக்கு ஒண்ணு புள்ளி எட்டுங்கிறது நிஜம்தானே? நாளைக்குக் காஞ்சா அது இவங்க பாடு. நான் போடலேன்னா அந்தப் பொம்பளைங்க சோத்துக்கு எங்க போவாங்க?"

"எனக்குத் தெரியாது."

"நீங்க குரு. தெரியாதுன்னா எப்படி?"

அவள் எழுந்தாள்.

"பூட்ஸைக் கழட்டுங்க. உள்ள போயி மெஷின் பக்கத்துல நில்லுங்க. நான் போர்டுகிட்ட இருக்கேன். சொன்னதும் கையை வைங்க."

சவரிமுத்து அவளைப் பார்த்தார். பட்டாளத்துப் பழக்கம், மறுபேச்சு இல்லாமல் கழற்றினார். தரையில் பழைய சாயத் தண்ணீர் தேங்கியிருந்தது. சில்லென்று இருந்தது. வாசலில் நான்கு பெண்களும் எழுந்து நின்றார்கள்.

"மெயினைப் போட்டாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"கையை வைங்கண்ணே."

அவர் கையை நீட்டினார். இரும்புக்கு ஒரு சாண் இருக்கையில் கை நின்றது. அவருடைய வலது கால் ஈரத் தரையை அழுத்தி மிதித்தது, மலை இறக்கத்தில் மிதிப்பதைப் போல.

"ஒண்ணு புள்ளி எட்டு" என்றாள் ஈஸ்வரவடிவு.

"தெரியும்மா."

"வைங்க."

வியர்வை மீசையில் இறங்கியது. கை அங்கேயே நின்றது.

"போகலம்மா" என்றார் கடைசியில். "கை போக மாட்டேங்குது."

ஈஸ்வரவடிவு அருகில் வந்தாள். அவளுடைய உள்ளங்கையில், போர்டிலிருந்து பிடுங்கிய மூன்று பீஸ் கட்டைகள் இருந்தன.

அவர் அவற்றையே பார்த்தார்.

"அப்ப மெஷின்ல கரண்டே இல்லையா?"

"இல்ல."

"என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டீங்களே." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கரண்டே இல்லாத இரும்பு. ஏன் கை போகல?"

அவள் படிவத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். கீழே பார்த்தார். பாதத்தின் விளிம்பில் நீலம் ஏற ஆரம்பித்திருந்தது. வாசலில் இருந்த பெண்கள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தடை எவ்வளவுன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. அதுல என்ன எழுதுறது?"

"போன வருசம் நான் ரெண்டுன்னு எழுதினேன்" என்றாள் ஈஸ்வரவடிவு.