தாண்டுகல்லைத் தள்ளிய வரையாடுகள்

ஒரு மலைக்காட்டின் உச்சியில், மேகம் முதுகில் உரசிப் போகும் உயரத்தில், ஒரு புல்மேடு இருந்தது. அங்கே வரையாடுகள் குடியிருந்தன. ஒரு காலத்தில் அறுபது பேர். இந்தக் கதை நடந்தபோது பன்னிரண்டே பேர்.

மேட்டுக்கு ஏற ஒரே வழிதான். அந்த வழியின் குறுக்கே பாதாளம் போல ஒரு பிளவு. பிளவுக்குள், மேட்டிலிருந்து கொம்பு எட்டும் தூரத்தில், சின்னக் கற்கள் முட்டுக் கொடுத்து நின்ற ஒற்றைப் பாறை. அதைத் தாண்டுகல் என்பார்கள். நான்கு குளம்பு வைக்கத்தான் அதில் இடம். வரையாடு ஒரே தாவில் கல்லுக்கு வரும், அடுத்த தாவில் மேட்டுக்கு வந்துவிடும். சிறுத்தைக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. எதிர்ப்பக்கம் நின்று உறுமிவிட்டுத் திரும்பிப் போகும்.

மந்தைத் தலைவன் வளைகொம்பன், பிடிவாதம் பிடித்த கிழட்டுக் கிடா. தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து எண்ணும். எண்ணி முடித்ததும் அதன் முகம் சுண்டிப்போகும்.

அந்த மந்தையில் செவலி என்ற தாய் ஆடு இருந்தது. இலை அசைந்தால்கூட நடுங்கும். அதற்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் தாவி, இளையவள் சிட்டு.

ஒருநாள் தாவி, "அம்மா, நான் கீழ்மலைக்குப் போய்வருகிறேன்" என்றது.

"ஐயோ, எதற்கடா?"

"இங்கே குட்டி பிறந்து மூன்று வருஷமாச்சு. இருக்கிற எல்லோரும் அண்ணன் தங்கை. நான் யாரைக் கட்டுவது? கீழே ஒரு பெண்ணைப் பார்த்து, குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடுகிறேன். மழை ஓய்ந்து புல் தழைக்கும்போது உன் பேரப்பிள்ளைகள் உன் முதுகில் ஏறி மிதிப்பார்கள், பார்!"

செவலி அழுதுகொண்டே சிரித்தது. தாவி தாண்டுகல்லில் கால் வைத்து எதிர்ப்பக்கம் போய், ஒருமுறை சீட்டியடித்துவிட்டு இறங்கியது.

மறுநாள் காலை வளைகொம்பன் எண்ணியது. "பதினொன்று! இப்படி ஒவ்வொருவராக நழுவினால் இந்த மேட்டில் காக்காய்தான் குடியிருக்கும். தாண்டுகல்லைத் தள்ளிவிடுவோம். அப்புறம் யார் போகிறார்கள் பார்ப்போம்."

"தள்ளிவிட்டால் வருகிறவர்கள் எப்படி வருவார்கள்?" என்றது செவலி.

"போனவன் எவன் வந்திருக்கிறான்? அதோடு, அந்தக் கல் வழியாக ஒருநாள் சிறுத்தையும் வந்துவிடும்."

சிறுத்தை அந்தக் கல்லில் கால் வைக்காது என்பது சிட்டுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலைவனோடு நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

முட்டுக் கற்களை உதைத்து உருட்டினார்கள். ஒன்பது பேர் மாறி மாறி முட்டியும் தாண்டுகல் ஆடியதே தவிர விழவில்லை.

"செவலி, நீயும் வா" என்றது வளைகொம்பன்.

செவலி தயங்கியது. தற்செயலாகத் திரும்பிப் பார்த்தது. சிட்டு விளிம்பில் நின்று, அண்ணன் போன பாதையையே வெறித்துக்கொண்டிருந்தது. இவளும் போய்விடுவாளோ? செவலி தலையைத் தாழ்த்தி ஓடிவந்து ஒரே முட்டு.

கல் போய்விட்டது. அது அடியில் விழுந்த சத்தம் கேட்க நெடுநேரம் ஆனது.

"அப்பாடா!" என்றது செவலி.

மழை வந்தது, ஓய்ந்தது. புல் தழைத்தது. ஒருவரும் போகவில்லை. ஒரு குட்டியும் பிறக்கவில்லை.

ஒரு காலைப்பொழுதில் பனி விலகியது. கீழேயிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது.

"என் பிள்ளை! என் பிள்ளை வந்துவிட்டான்!" செவலி கால் தரையில் பாவாமல் ஓடியது.

தாவிதான். பக்கத்தில் அதன் மனைவி. நடுவில் தத்தித் தத்தி இரண்டு குட்டிகள். அவர்களுக்குப் பின்னால், பாதை வளைவில், ஒரு சிறுத்தை.

"பயப்படாதீர்கள்!" தாவி குட்டிகளிடம் சொல்லிக்கொண்டே ஓடிவந்தது. "இதோ தாண்டுகல் வந்துவிட்டது. அதில் ஏறிவிட்டால் சிறுத்தையால் நம்மைத் தொட முடியாது. அம்மா, தள்ளி நில்! குட்டிகள் தாவப் போகிறார்கள்!"

செவலியின் கால்கள் அப்படியே நின்றன.

தாவியும் விளிம்புக்கு வந்து நின்றது. கீழே பார்த்தது. "அம்மா, கல் எங்கே?"

செவலி பிளவின் அடியைப் பார்த்தது.

"யார் தள்ளியது?"

வளைகொம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நான்தானடா. பாவி, நான்தான் தள்ளினேன்" என்றது செவலி.

மறுவார்த்தை பேசத் தாவிக்கு நேரமில்லை. குட்டிகளை மனைவிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கொம்பைச் சாய்த்துச் சிறுத்தைக்கு எதிரே நின்றது.

மேட்டில் பதினொரு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கத்தான் முடிந்தது. உச்சிவேளைக்குள் எதிர்ப்பக்கப் பாதையில் ஒருவரும் இல்லை. அதற்குமேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பிள்ளைகளே.

"அம்மா, அந்தக் குட்டிகளுக்கு என்ன பெயர்?" என்று சிட்டு கேட்டது. செவலிக்கு அதுகூடத் தெரியாது.

மறுநாள் காலை வளைகொம்பன் வழக்கம்போல எல்லோரையும் எண்ணியது. பிளவின் விளிம்பை விட்டு எழாமல் கிடந்த செவலியையும் சேர்த்து எண்ணியது.

"பதினொன்று. பார்த்தீர்களா? ஒருவர்கூடக் குறையவில்லை" என்றது.

நீதி: போகிறவரைத் தடுக்க வழியை அடைத்தால், திரும்பி வருகிறவருக்கும் வழி இல்லாமல் போகும்.