உப்பில்லாத கப்பல்

கடற்கொள்ளையர் கையில் மாட்டிக்கொண்ட அன்று வேலாண்டி அழுத அழுகையைச் சொல்லி முடியாது. ஊரில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. சேதி கேட்டு, குருவோடு சின்னத் தோணியில் திரும்பிக்கொண்டிருந்தான். நடுவழியில் பிடித்துவிட்டார்கள்.

குரு முத்தானந்தரோ கப்பலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துள்ளுகிற மீனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அடுத்த துறைமுகத்துல நம்மள வித்துடுவாங்களாம். எம்புள்ள முகத்தப் பாப்பேனா?"

"முதல்ல அடுப்பப் பத்த வை. சமையல் நம்ம தலையிலதான்."

அந்தக் கப்பலில் பிடிபட்டவர்கள்தான் சமைக்க வேண்டும். கப்பல் தலைவன் கொம்பன் மீசையை நீவிக்கொண்டே வந்தான்.

"எங்க சட்டியில உப்பு ஒரு கல்லுகூட விழக்கூடாது."

"ஏன்யா, உடம்புக்கு ஆகாதா?" என்று கேட்டார் குரு.

"கொள்ளைக்காரனுக்கும் ஒரு முறை இருக்குல்ல? ஒருத்தர் கையால உப்பு தின்னுட்டா அவங்கள விக்கக் கூடாது. கரையில கொண்டு விட்டுடணும்."

"எத்தன வருஷமா இப்படிச் சாப்பிடுற?"

"தலைவனான நாள்லேருந்து."

"அடப்பாவமே! நாங்க போட்டுக்கலாமா?"

"உங்க வாய், உங்க உப்பு."

அவன் அந்தப் பக்கம் போனானோ இல்லையோ, வேலாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிடி உப்பை அள்ளினான். கொள்ளையர் சட்டிக்கு மேலே கை போனது. குரு பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சாமி! இத்துனூண்டு உப்பு. நாளைக்கே கரை!"

"அவன் கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு கொள்ளை. நீ கேக்காமப் போட்டா அதுக்கு என்ன பேரு?"

"பேரு வைக்கவேண்டியது எம்புள்ளைக்கு சாமி!"

குரு சிரித்துவிட்டார். ஆனால் கையை விடவில்லை. வேலாண்டி முணுமுணுத்துக்கொண்டே உப்பைத் திரும்ப உப்புப் பானையிலேயே போட்டான்.

அப்புறம் தினமும் இரண்டு சட்டி கொதித்தது. இரண்டிலும் ஒரே மீன், ஒரே புளி. ஒன்றில் உப்பு, ஒன்றில் இல்லை. கொள்ளையர்கள் மருந்து குடிக்கிற மாதிரி விழுங்கினார்கள். குரு மட்டும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். கொம்பன் அந்தப் பக்கமாகவே அடிக்கடி நடந்தான்.

துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வேலாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. கொம்பன் வந்து நின்றான்.

"என்ன குழம்பு அது?"

"வாளை மீன். உன் சட்டியிலயும் அதேதான்," என்றார் குரு.

"அதே இல்ல."

கொம்பன் குனிந்து விரலை நீட்டினான்.

"பாத்து. இதுல உப்பு இருக்கு," என்றார் குரு.

வேலாண்டிக்கு உயிரே போய்விட்டது. சும்மா இருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

"தெரியும்யா," என்று சொல்லிவிட்டுக் கொம்பன் விரலைக் குழம்பில் விட்டான். வாயில் வைத்தான். அப்படியே உட்கார்ந்து, "சோத்தப் போடு," என்றான்.

"போச்சுடா, ரெண்டு ஆளு போச்சு!" என்று ஒருவன் கத்தினான். கத்தியவனே முதலில் தட்டோடு ஓடி வந்தான்.

கப்பல் திரும்பியது. ஊர்க் கரையில் இருவரையும் இறக்கிவிட்டார்கள். வேலாண்டி மணலில் குதித்தான்.

"ரெண்டு பேரும் தப்பிச்சிட்டோம் சாமி!"

"மூணு பேரு."

வேலாண்டி சுற்றிலும் பார்த்தான். கரையில் வேறு யாரும் இல்லை.

"மூணாவது யாரு சாமி?"

குரு கடலில் நின்ற கப்பலைக் காட்டினார்.

"அதோ பாரு. இன்னும் விரல நக்கிக்கிட்டே நிக்கிறான்."