ஒரு பம்பும் மூன்று வாசலும்

"மேட்டு வீட்டுக்காரங்களுக்கு வெள்ளமும் வேடிக்கைதான்."

மொட்டை மாடியில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த திலகவதியின் காதில் இது விழுந்தது. கீழே முழங்கால் தண்ணீரில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டே போனார்கள். எட்டிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. மழை விட்டும் குமுதினி நகர் கடைசித் தெருவில் தண்ணீர் வடியவில்லை; மேட்டுத் தெருக்களின் தண்ணீரும் இங்கேதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. கரண்டும் வரவில்லை. சண்டை போடக்கூட யாரிடமும் முழுச் சக்தி மிச்சமில்லை.

அந்தத் தெரு கால்வாய்ச் சுவரில் போய் முட்டி நிற்கும். சுவரை ஒட்டிய கடைசி வீடு திலகவதியுடையது. அவள் கணவன் ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறவன். வீட்டை இடித்துக் கட்டியபோது தரையை இடுப்புயரம் தூக்கி, ஆட்டோ ஏறி இறங்க வாசலில் சிமென்ட் சரிவு போட்டுக்கொண்டார்கள். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் சரிவு உண்டு. மற்றவர்களுடையது பைக் ஏறுகிற அளவுக்குத்தான், அடியில் கால்வாய்க்கு வடிகால் குழாய் போகும். இவர்களுடையது ஆட்டோ பாரம் தாங்க வேண்டும். அதனால் அடியில் செங்கல் உடைசலைக் கொட்டிக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள்.

வெள்ளத்தில் தெரு முழுக்க மிதந்த செருப்புகள் ஒவ்வொன்றாக வந்து அவள் வாசலில்தான் ஒதுங்கின. காலையில் துடைப்பத்தால் தள்ளிவிடுவாள். மத்தியானம் மறுபடி வந்து நிற்கும். இதுவும் ஒரு வேலை என்று அலுத்துக்கொண்டாள்.

கட்டட வேலைக்கு மேற்பார்வை பார்க்கும் ஜெரோம், தன் டீசல் பம்பை ஒரு பழைய கதவின்மேல் வைத்து மிதக்கவிட்டு இழுத்து வந்தார். அதன் ஹோஸ் வீட்டுக்குள்ளிருந்து தெரு வரைக்கும்தான் எட்டும். கிடைத்த டீசலும் ஒரு வீட்டை இறைக்கத்தான் காணும். அங்கேதான் பேச்சு வளர்ந்தது. சத்தம் கேட்டுத் திலகவதியும் மாடியிலிருந்து இறங்கி வாசல் படிக்கு வந்தாள்.

"பம்பு என்னுது. என் சம்புத் தொட்டியில சாக்கடைத் தண்ணி ஏறிக் கெடக்கு. கோடையில இந்தத் தெருவே கொடத்தோட வந்து நின்ன சம்பு அது. அத எறைச்சுக் கழுவுனாத்தான் யாருக்கும் குடிக்கத் தண்ணி" என்றார் ஜெரோம்.

"பம்பு உங்களுதுதாண்ணே. வாயால ஊதுனா ஓடிருமா அது?" என்றான் தச்சன் மாரிச்சாமி. மெயின் ரோட்டிலிருந்து டீசல் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தவன் அவன். "என் பட்டறையில முடிச்சு வெச்ச கதவெல்லாம் முக்காலி மேல கெடக்கு. இன்னும் நாலு விரக்கடை ஏறுனாப் போதும், அத்தனையும் ஊதிப்போயிரும். கால்வாய் என்னவோ காலியாத்தான் கெடக்கு, பாத்துட்டுத்தான் வந்தேன். நம்ம தலையெழுத்து, இங்க மட்டும் நிக்குது."

மாவுக் கடைச் சற்குணம் தலையில் கைவைத்துக்கொண்டு தன் படியில் நின்றாள். தெருவிலேயே பள்ளமான இடம் அவள் கடை. "உங்களுக்கெல்லாம் ஏறப்போகுது. எனக்கு ஏறியே போச்சு. கிரைண்டர் மோட்டார் முங்கிக் கெடக்கு. துருப் புடிச்சா நான் கையால ஆட்டி உங்களுக்கு ஊத்தணுமா?"

"உன் மாவுல இட்லி கல்லு மாதிரில்ல வருது" என்றார் ஜெரோம்.

"அந்தக் கல்லத்தானே தெனமும் தூக்குவாளியோட வந்து வாங்கிட்டுப் போனீரு!"

யாரோ சிரிக்கத் தொடங்கி, முடிக்காமல் விட்டார்கள்.

கடைசியில் மூவரும் திலகவதி பக்கம் திரும்பினார்கள். "உன் வீட்டுக்குள்ள சொட்டுத் தண்ணி இல்ல. உனக்கு இதுல வரவும் இல்ல, போகவும் இல்ல. நீயே ஒரு பேரைச் சொல்லு தாயி" என்றாள் சற்குணம்.

திலகவதி படியில் உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்ற இரண்டு வீடும் இனி அவள் முகத்தைப் பார்க்காது. சொல்லாவிட்டால் பொழுது போய்விடும், கதவுகள் நனைந்துவிடும். பின்னால் ஏழுமலை ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "யார் பேரையாவது சொல்லி அனுப்பு. தண்ணி வடிஞ்ச அன்னைக்கே நான் சவாரிக்குப் போயாகணும். வீட்டுல அரிசி இல்ல" என்றான்.

விடைக்கு வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. இனி நீங்கள் சொல்லுங்கள். பம்பு முதலில் யார் வீட்டுக்குப் போவது நியாயம்? பொருளுக்குச் சொந்தக்காரருக்கா, பாடுபட்டு அதை ஓடவைத்தவனுக்கா, எல்லோருக்கும் முன்பே இழந்தவளுக்கா?

விடை: மூவரில் யாருக்குக் கொடுத்தாலும் வீண்தான். ஹோஸ் தெரு வரைக்கும்தான் எட்டும். ஜெரோம் இறைப்பது சற்குணத்தின் கடைக்குள் இறங்கும். சற்குணம் இறைப்பது மாரிச்சாமியின் கதவை நனைக்கும். டீசல்தான் தீரும். கால்வாயோ காலி. தண்ணீர் எங்கே போகப் பார்க்கிறது என்பதைச் செருப்புகள் காட்டிக்கொண்டே இருந்தன. சரிவுக்கடியில் வடிகாலை அடைத்திருந்த செங்கல் உடைசலின் இடுக்கில் கசிந்த சிறு ஓட்டம்தான் அவற்றை அந்த வாசலுக்கு இழுத்தது. அவ்வளவு நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த திலகவதி எந்தப் பெயரையும் சொல்லவில்லை. எழுந்து, ஜெரோமிடம் கடப்பாரை கேட்டு வாங்கினாள். "ஏய், வண்டி மேல நிக்குதுடி! எப்படி எறக்குறது?" என்று ஏழுமலை கத்தினான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தன் வீட்டுச் சரிவின் நடுவில் கடப்பாரையை ஓங்கிப் போட்டாள்.