முடிச்சு போட்டது யார்?

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மருதந்துறை என்று ஒரு நாடு; அதை ஆண்ட ராஜா பெயர் சேந்தமாறன். கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர் கையில் செங்கோல் இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கதை.

அரசி செங்கமலத்துக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. இப்போது மறுபடியும் நிறைமாதம். ராஜா நாளுக்கொரு கட்டளை போட்டார். கோட்டைக்குள் உலக்கைச் சத்தம் கேட்கக் கூடாது என்றார். மறுநாள், யாரும் பூனை வளர்க்கக் கூடாது என்றார். ஜனங்கள் பூனையைக் கூடையில் ஒளித்துவைத்துக்கொண்டு, "உத்தரவு மகாராஜா" என்றார்கள்.

வளைகாப்புக்குப் பட்டு வேண்டாம், உடம்பு தாங்கவில்லை என்றாள் அரசி. நெசவுத் தெருவில் துளசி பாய் என்பவள் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலை வேண்டும், மெத்தென்ற பருத்தியில், குங்குமச் சிவப்பில். பட்டுக் கிடங்கின் அதிகாரி கஜபதி ராயருக்கு வயிறு எரிந்தது. என் பட்டு இருக்கும்போது தெருச்சேலையா!

துளசி பாய் சேலையைக் கொண்டுவந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. சுங்குடி செய்கிற விதம் இது: வெள்ளைத் துணியை நகத்தால் துளித்துளியாகக் கிள்ளியெடுத்து, ஒவ்வொன்றையும் நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பிரித்தால் சிவப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளி. உடுத்தப் போகிறவளே தன் கையால் பிரிக்கட்டும் என்று முடிச்சோடு கொடுப்பது அவர்கள் வழக்கம்.

சபையில் ராயர் அதைத் தூக்கிக் காட்டினார். சேலை சுருங்கி, பாகற்காய் மாதிரி தொங்கியது.

"பார்த்தீர்களா பிரபு! பிள்ளை தடையில்லாமல் வரவேண்டும் என்று பிரசவ வீட்டில் பின்னின சடையைக்கூட அவிழ்த்துவிடுகிறோம், பூட்டின பெட்டியைத் திறந்துவைக்கிறோம். இவள் ஆயிரம் முடிச்சு போட்டுக் கொண்டுவந்திருக்கிறாளே, எதைக் கட்ட?"

ராஜாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"இவள் குழந்தையை வாங்கி அந்தப்புரத்தில் வையுங்கள். என் பிள்ளை உயிரோடு பிறந்தால் இவள் பிள்ளை திரும்பும். இல்லையென்றால்..."

மீதியை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

காவலர் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். உள்ளே குழந்தை வீறிட்டது. இங்கே துளசி பாயின் மார்பில் பால் கசிந்து துணி நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அமைச்சர் தீர்த்தகிரி எழுந்தார். பயத்தில் இருப்பவர் காதில் நியாயம் ஏறாது என்று அவருக்குத் தெரியும். அதனால் ராயர் பக்கமே சேர்ந்துகொண்டார்.

"ராயர் சொல்வது சரிதான் மகாராஜா. முடிச்சு ஆபத்து. ஆனால் இவள் முடிச்சு மட்டும்தானா முடிச்சு? இந்த அரண்மனையில் உள்ள எல்லா முடிச்சும் அவிழட்டும்."

"அவிழட்டும்!" என்றார் ராஜா.

"ராயரே, உம்மிடமிருந்தே ஆரம்பிப்போம். தலைப்பாகை."

அவிழ்ந்தது.

"குடுமி."

அதுவும் அவிழ்ந்தது.

"இடுப்புக் கச்சை."

"அமைச்சரே, கச்சை போனால் வேட்டி நிற்காது!"

"அரசியாரின் பிரசவத்தைவிட உமது வேட்டி பெரிதா, ஐயா?"

ராயர் கச்சையை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு நாளாக இருந்தால் சபை சிரித்திருக்கும். உள்ளே குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"மூன்று முடிச்சு பாக்கி இருக்கிறது மகாராஜா. இந்த அரண்மனையிலேயே இறுக்கமானவை. அரசியார் கழுத்தில்."

அமைச்சர் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பினார்.

"அவற்றைப் போட்டவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். எதைக் கட்ட அவற்றைப் போட்டார் என்று அவரே சொல்லட்டும். அப்புறம் இந்தப் பெண்ணைக் கேட்போம்."

ராஜா தணிந்த குரலில், "எந்தக் கெட்டதும் அவளை அண்டக் கூடாது என்றுதான் போட்டேன்" என்றார். துளசி பாயைப் பார்த்தார். "நீ?"

"நானும் அதுக்குத்தானுங்க மகாராஜா. சுத்திச் சாயம் எவ்வளவு கொதிச்சாலும், கட்டின இடம் மட்டும் வெள்ளையாவே இருக்கும். பிள்ளைத்தாச்சிக்குக் கட்டுறப்போ அதை நெனச்சுக்கிட்டுத்தான் கட்டுவோம்."

"நூல் நழுவி, சாயம் உள்ளே போனதே இல்லையா?"

"போயிருக்குங்க."

"அப்போது பயமாக இருக்காதா?"

"இருக்கும். பயந்துக்கிட்டேதான் அடுத்ததையும் கட்டுறது."

திரைக்குப் பின்னாலிருந்து அரசி வந்தாள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாக. சேலையின் ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையைத் துளசி பாயிடம் கொடுத்தாள். இருவரும் இழுத்தார்கள். படபடவென்று நூல்கள் தெறித்தன. சுருங்கிக் கிடந்த துணி விரிந்து, சிவப்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கண் திறந்தன.

அரசி ராஜாவைப் பார்த்தாள். "இதற்காகவா ஒரு பிள்ளையை அழவைத்தீர்கள்?"

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். "குழந்தையைக் கொண்டுவாருங்கள், சீக்கிரம்! ராயரே, கிடங்குச் சாவியை அமைச்சரிடம் கொடும். அரசியின் சுங்குடியைத் துவைத்துக் காப்பதுதான் இனி உமக்கு உத்தியோகம். எப்படி என்று இவளிடமே கேட்டுக்கொள்ளும்."

"எப்படியம்மா?" என்றார் ராயர். அவர் வாயில் 'அம்மா' வந்தது அன்றைக்குத்தான்.

"மொதல் தடவை உப்புத் தண்ணியில தனியா அலசணும் சாமி. கல்லுல அடிக்கக் கூடாது. முறுக்கிப் பிழியக் கூடாது. நெழல்ல காயப்போடணும்." வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் காது அந்தப்புர வாசலில் இருந்தது.

குழந்தை வந்தது. அழுது அழுது முகம் சிவந்து, விக்கிக்கொண்டு.

"என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்" என்றார் ராஜா.

"உட்கார எடம் வேணுங்க. பிள்ளை பசிச்சிருக்கு."

சபை நடுவிலேயே, ஒரு தூண் ஓரமாக, அவள் உட்கார்ந்தாள். ராஜா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அமைச்சர் திரும்பினார், காவலர் திரும்பினார்கள், சபை முழுவதும் திரும்பி நின்றது. குழந்தை குடித்து முடித்து ஏப்பம் விடுகிற வரைக்கும் மருதந்துறையில் எந்த ராஜ்ய காரியமும் நடக்கவில்லை.