சாமான் அறையில் ஒரு குட்டி

மாசிலாமணிக்கு அலுத்துவிட்டது. முழங்கால் வலியால் வந்த அலுப்பில்லை. அந்த வலி இருபது வருஷமாக இருக்கிறது, பழகிப்போயிற்று. இது வேறு.

வடகரை மடத்தில் அவருக்கு முப்பத்தொரு வருஷம். பெரியவருக்கு வெந்நீர் வைத்ததிலிருந்து, கடைசியில் வாயில் பால் விட்டது வரை எல்லாம் இவர் கைதான். ஆனால் கண் மூடுவதற்கு முன் பெரியவர் தம் இடத்துக்கு வரச் சொன்னது, எங்கோ தெற்கே வேறொரு மடத்திலிருந்த முப்பத்துநாலு வயதுக்காரரை. அவர் ஒரு துணிமூட்டையோடு வந்து இறங்கி ஆறு மாசம் ஆகிறது. ஊரில் அவரைப் புதுச்சாமி என்றார்கள். மாசிலாமணியும் சாமி என்றுதான் கூப்பிட்டார். வாய் கூப்பிட்டது, மனசு ஒப்பவில்லை.

"நான் எங்கே படுக்கட்டும், ஐயா?" என்று வந்த அன்றைக்கே அவர் கேட்டார். பெரியவர் அறையின் சாவி மாசிலாமணியின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் சாமான் அறையைக் காட்டினார். அரிசி மூட்டையும் புளிப்பானையும் கிடக்கிற அறை. உள்தாழ்ப்பாள்கூடக் கிடையாது. ஒரு பேச்சுப் பேசாமல் அங்கே பாயை விரித்துக்கொண்டார் மனுஷர்.

அதுவும் இவருக்கு எரிச்சல்தான். சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

ஒரு நாள் காலையில், இருந்த நாலு வேட்டியையும் மூட்டை கட்டிக்கொண்டு புதுச்சாமி முன்னால் போய் நின்றார்.

"என்னால முடியல, சாமி. உத்தரவு கொடுத்தா கிளம்பறேன்."

"எங்கே போவீங்க?"

"தங்கச்சி வீடு இருக்கு. ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன்."

புதுச்சாமி மடியிலிருந்த துணியை விலக்கினார். உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு பூனைக்குட்டி. செம்பட்டை நிறம்.

"வாய்க்கால் மதகடியில கிடந்துச்சு. சாம்பி இதைக் கடிச்சு வச்சிடுமோன்னு பயமா இருக்கு. அது உங்க பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேக்காது. ரெண்டையும் சேர்த்து வச்சுட்டுக் கிளம்புங்க, ஐயா."

சாம்பி பெரியவர் மடியில் வளர்ந்த பூனை. அவர் போன பிறகு, பூட்டிக் கிடக்கும் அவர் அறை வாசலை விட்டு நகர்வதில்லை. மாசிலாமணியைத் தவிர யார் கிட்டே போனாலும் சீறும். புதுச்சாமியின் காலை இரண்டு தடவை பிறாண்டியிருக்கிறது. இரண்டு தடவையும் மாசிலாமணிக்கு உள்ளூரச் சந்தோஷம். சொன்னால் பாவம், ஆனாலும் சந்தோஷம்தான்.

"பத்து நாள் ஆகும்," என்றார் வேண்டாவெறுப்பாக.

"ஆகட்டுமே."

மூட்டையை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தார்.

"எடுத்த எடுப்புல குட்டியை அது முன்னாடி விடக் கூடாது, சாமி. தனியா ஒரு அறையில விட்டுச் சாத்தணும். இந்த இடம் பழசோடது. குட்டிக்கு ஒரு மூலை போதும்."

"அப்போ என்னோட சாமான் அறையிலேயே இருக்கட்டும்."

குட்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று, புதுச்சாமி உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் மாசிலாமணியே வெளியில் தாழ் போட்டார்.

இரண்டாம் நாள், குட்டியைத் துடைத்த துணியைச் சாம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் போட்டார். சாம்பி மோந்து பார்த்தது. சீறியது. காலால் எட்டித் தள்ளியது.

"தள்ளிடுச்சே, ஐயா."

"தள்ளட்டும். நாளைக்கும் போடுவோம். முதல்ல வாசனை பழகணும். மூஞ்சி பார்க்கிறதெல்லாம் அப்புறம்."

"சோறு?"

"பழசுக்குத்தான் முதல்ல. அது தின்னு முடிச்ச பிறகு குட்டிக்கு. இல்லேன்னா தன் இடம் போச்சுன்னு அதுக்குத் தோணிடும்."

"இப்படிச் சீறுதே, ரெண்டு அதட்டல் போட்டா என்ன?"

"ஐயய்யோ, அது மட்டும் கூடாது. அது திமிர்ல சீறல, சாமி. பயத்துல சீறுது."

சொல்லிவிட்டு மாசிலாமணி குனிந்து சாம்பியின் தட்டை நேராக வைத்தார். ஏனென்று தெரியவில்லை, சொன்ன பேச்சு தன் காதிலேயே திரும்ப விழுந்தது.

ஐந்தாம் நாள் குட்டி கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்தித் தீர்த்தது.

"பாவமா இருக்கு. திறந்துடுங்களேன்," என்றார் புதுச்சாமி உள்ளேயிருந்து.

"குட்டி கத்துதுன்னு திறக்கக் கூடாது. திறந்தோம், காரியமே கெட்டுச்சு. பழசு தானா வந்து கதவடியில மோந்து பார்க்கணும். அப்புறம்தான் தாழ்ப்பாள்ல கை வைக்கணும்."

"அது வராமலே இருந்துட்டா?"

"காத்திருக்கணும். வேற என்ன பண்றது?"

"சரி, ஐயா. இருப்போம்."

ஒன்பதாம் நாள் காலை மாசிலாமணி கொல்லைப் பக்கம் துணி உலர்த்தப் போனார். கொடியில் அவருடைய துண்டை ஒட்டி ஒரு காவித் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஆறு மாசமாக நடக்கிற கூத்து இது. கொடி முழுக்க இடம் கிடக்கும், புதுச்சாமி தன் துண்டை இவர் துண்டுக்குப் பக்கத்தில்தான் போடுவார். இவர் அதைக் கடைசிக் கோடிக்குத் தள்ளிவிடுவார். மறுநாள் பார்த்தால் திரும்பவும் பக்கத்திலேயே இருக்கும். இங்கிதம் தெரியாத ஆள் என்று பல்லைக் கடித்துக்கொள்வார்.

அன்றைக்கும் தள்ளுவதற்குக் கை போனது. சாம்பி எட்டித் தள்ளிய துணி ஞாபகம் வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க, ஐயா." ஆறு மாசமாக, ஒரு வேளை தவறாமல் கேட்ட பேச்சு. அதை நடிப்பு என்று நினைத்திருந்தார். எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறார், ஒரு தடவையாவது அந்த மனுஷர் திருப்பிச் சொன்னதுண்டா? அதை நெஞ்சழுத்தம் என்று நினைத்திருந்தார்.

துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. உடம்பில் இருந்த அசதியெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து இறங்குகிற மாதிரி இருந்தது.

எழுந்து உள்ளே வந்தபோது பெரியவர் அறை வாசலில் சாம்பி இல்லை. சாமான் அறைக் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடுக்கு வழியாக ஒரு செம்பட்டைக் கால் வெளியே வந்து துழாவியது. சாம்பி அதைப் பார்த்தது. சீறவில்லை.

மாசிலாமணி தாழ்ப்பாளை நீக்கினார்.

குட்டி தத்தித் தத்தி வெளியே வந்தது. சாம்பி அதன் தலையை ஒரு தரம் மோந்துவிட்டு, ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டது. உள்ளே பாயில் புதுச்சாமி உட்கார்ந்திருந்தார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அவர் கொண்டுவந்த துணிமூட்டை, வந்த அன்றைக்குக் கட்டியிருந்த கட்டோடு கிடந்தது.

மாசிலாமணி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு லேசில் வரவில்லை.

"ஆறு மாசம், சாமி. ஒரு தடவையாவது சாவியைக் கொடுன்னு கேட்டிருக்கக் கூடாதா?"

புதுச்சாமி இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"குட்டி கத்துதுன்னு திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, ஐயா."