மயிலையின் நீலக் கொம்பு

முன்னொரு காலத்தில், நேரத்தை வெற்றிலையால் அளந்த ஒரு ராஜா இருந்தார். ஒரு நாள் அவர் கோயிலுக்குப் புறப்பட்டபோது ராஜவீதியின் நடுவே ஒரு வைக்கோல் வண்டி நின்றுவிட்டது. அது நகர்வதற்குள் அவர் ஒரு தாம்பூலத்தை மென்று முடித்து, இரண்டாவதற்குக் கையை நீட்ட வேண்டியதாயிற்று. அரண்மனைக்குத் திரும்பியதும் சட்டம் போட்டார். ராஜவீதியில் எந்த வாகனமும் ஒரு தாம்பூல நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் மாட்டின் ஒரு கொம்பில் கரி மை பூசப்படும்.

தன் மேல் தப்பில்லை என்பவன் ராஜாவிடம் வழக்காடலாம். ஆனால் நடந்ததை நடந்த இடத்திலேயே, நடந்தபடியே மறுபடியும் நடத்திக் காட்ட வேண்டும். ராஜாவுக்குக் கூத்து என்றால் உயிர். வழக்காடித் தோற்றாலோ இரண்டு கொம்புக்கும் தார் போலக் காய்ச்சிய கீல். கரி பதினைந்து நாளில் உதிர்ந்துவிடும். கீல் கொம்போடுதான் போகும். அதனால் ஒருவரும் வழக்காட வந்ததில்லை. ராஜாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

அந்த ராஜாவின் சபையில் வெயிலுகந்தான் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவின் ஓலைகளை எழுதும் ராயசம் விருத்தகிரியும் அதே சபையில்தான் இருந்தார். ராயசத்துக்கு வெயிலுகந்தானைக் கண்டால் ஆகாது. அவர் மூன்று நாள் உட்கார்ந்து ராஜாவின் மீது நாற்பது அடி பாடிக்கொண்டு வந்தபோது ராஜா கொட்டாவி விட்டார். அன்றைக்கே வெயிலுகந்தான் நாலு வார்த்தை சொல்ல, ராஜாவுக்குப் பால் புரையேறியது. அதற்குப் பிறகு ராயசமும் வீட்டில் விகடம் பேசிப் பழகினார். அவர் மனைவி முழுதும் கேட்டுவிட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள்.

ராஜா எத்தனை முறை அவனைப் பார்த்துச் சிரித்தார், எத்தனை முறை தம் கையால் வெற்றிலை கொடுத்தார் என்பதெல்லாம் ராயசத்துக்கு மனப்பாடம். தமக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன போகிறதோ என்று அவருக்கு ஒரே சந்தேகம். ஆகையால் தினமும் காலையில் ராஜவீதியில், கீரைக்காரி கோமுவின் கடையோரம் பல்லக்கை நிறுத்திவைத்து, வெயிலுகந்தானின் வண்டிக்காகக் காத்திருப்பார். அவர் எதிர்பார்த்த பட்டும் பவளமும் ஒரு நாளும் அதில் வரவில்லை. மாறாக வண்டியே ஒரு நாள் நின்றது.

வெயிலுகந்தானுக்கு இருந்தது ஒற்றை மாட்டு வண்டி. மாட்டின் பெயர் மயிலை. அதைக் கன்றிலிருந்து வளர்த்தவள் அவன் மனைவி உலகம்மை. வண்டியில் வரும்போதெல்லாம் கோமுவின் கடையில் ஒரு பிடி அகத்திக்கீரை வாங்கி மயிலைக்குக் கொடுப்பாள். மாட்டுப் பொங்கலுக்கு ஊரெல்லாம் சிவப்பும் பச்சையும் பூசினால், அவள் மட்டும் அவுரி நீலத்தைக் குழைத்து இரண்டு கொம்பிலும் நுனிவரை இழுப்பாள். அந்தத் தை மாதமும் இழுத்தாள். பங்குனியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

மயிலைக்கு அது தெரியவில்லை. அவளில்லாமல் வந்த முதல் நாளும் கோமுவின் கடை வந்ததும் நின்றுகொண்டது. வெயிலுகந்தானுக்கு அதை அதட்ட மனம் வரவில்லை. கீரை வாங்கிக் கொடுத்து, அது தின்று முடிக்கும்வரை இருந்தான். மறுநாள் வீதிக்காவலர் வந்து ஓலை நறுக்கைக் கையில் கொடுத்தார். ராயசம் நேரில் பார்த்துச் சொன்ன புகார். மூன்று நாளைக்குள் ஒரு கொம்புக்குக் கரி, அல்லது ராஜாவின் முன் வழக்கு.

உலகம்மையின் அண்ணன் ஆவுடையப்பன் ஓலையைப் பார்த்துவிட்டு, இதற்குப் போய் யாராவது வழக்காடுவார்களா என்றான். ஊரில் பாதி மாடு ஒற்றைக் கொம்பு கறுத்துத்தான் திரிகிறது. ராஜாவின் சட்டத்தை ராஜாவிடமே பேசப் போவது வேண்டாத வேலை.

"பதினஞ்சு நாள்ல கரி தானா உதிர்ந்துரும், மாப்ளே."

"கரி உதிரும் மச்சான். அடியில இருக்கதும் சேந்துல்லா உதிரும்."

ஆவுடையப்பன் திரும்பி மயிலையைப் பார்த்தான். நீலம் பாதி மங்கியிருந்தது. இடது கொம்பின் அடியில் அவன் தங்கையின் விரல் ஒன்று வழுக்கிய தடம் இருந்தது. பிறகு சொன்னான்.

"தோத்தா ரெண்டும் போயிரும்டே. பணிஞ்சு போனா ஒண்ணாவது மிஞ்சும்."

அவன் சொன்னது சரிதான். ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் காப்பதா, இரண்டையும் காக்கப் போய் இரண்டையும் இழப்பதா? ஊரையே சிரிக்கவைத்தவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, ஒரு கொம்பைக் கொடுத்துவிடுவோம் என்று முடிவுசெய்து வண்டியைக் கட்டினான். வழக்கம்போல மயிலை கோமுவின் கடையில் நின்றது. வெயிலுகந்தான், இன்றைக்கு நிற்க நேரமில்லை, சட்டம் வேறு இருக்கிறது என்றான். கோமு கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உம்ம வண்டியாவது வந்துட்டுப் போயிருது. அந்தப் பல்லக்கு விடிஞ்சா வந்து நிக்கி. எஞ் செவரைப் பாரும், எப்படித் துப்பி வச்சிருக்காருன்னு."

வெயிலுகந்தான் சுவரைப் பார்த்தான். வெற்றிலைச் சிவப்பு திட்டுத் திட்டாக இருந்தது. நெடுநேரம் பார்த்தான். பிறகு வண்டியை அரண்மனைக்கு ஓட்டிப் போய், வழக்காடுகிறேன் என்று சொல்லிவிட்டான்.

முதல் வழக்கு வந்த சந்தோஷத்தில் ராஜா மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்பே பட்டத்து யானை மேல் ஏறி வந்து வீதியில் நின்றார். காவலர் கீல் சட்டியோடு காத்திருந்தார். ராயசம் பல்லக்கில் வந்தார். முகத்தில் கல்யாணக் களை. வெயிலுகந்தான் கடைசியாக வந்தான். மயிலை தன் இடத்தில் நின்றது.

"ராயசம் அவர்கள் அன்று பார்த்ததைச் சொல்லட்டும்" என்றான் வெயிலுகந்தான்.

"மகாராஜா, இந்த வண்டி வந்து நின்றதிலிருந்து போகும்வரை நான் மூன்று தாம்பூலம் தரித்தேன். ஒன்றல்ல, மூன்று."

"நடுவில் வேறெங்கும் போகவில்லையே?"

"பல்லக்கை விட்டு இறங்கவில்லை. இம்மியும் நகரவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தேன்."

"அப்படியே நடத்துங்கள்" என்றார் ராஜா.

ராயசம் முதல் தாம்பூலத்தை மடித்தார். மயிலை கீரையைத் தின்றது. பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றினார்கள். இரண்டாவது முடிந்து மூன்றாவதை அவர் அவசரமாக மெல்ல, அன்று மென்றபடியே நிதானமாக மெல்லும்படி வெயிலுகந்தான் பணிவோடு கேட்டுக்கொண்டான். அதுவும் முடிந்தது. ராயசம் கோமுவின் சுவரில் துப்பினார். காவலர் கீல் சட்டியை எடுத்துக்கொண்டு மயிலையிடம் வந்தார்.

வெயிலுகந்தான் கும்பிட்டான். "மூன்று தாம்பூல நேரம் நின்றது உண்மை, மகாராஜா. மறுக்கவில்லை. ஆனால் எந்த வாகனமும் என்பது சட்டம். அதனால் வரிசைப்படி பூசவேண்டும் என்பதே அடியேனின் விண்ணப்பம். எனக்கு முன்னால் பல்லக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கும் முன்னும் பின்னுமாய் இரண்டு கொம்பு இருக்கிறது. அன்றும் அப்படியே, இன்றும் அப்படியே."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ராயசத்தின் வாயில் மிச்சமிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. பல்லக்குத் தூக்கிகளில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்ததில் பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது.

"அப்படியானால் பல்லக்குதான் முதலில்" என்றார் ராஜா.

"இன்று இந்த வீதியில் முதலில் வந்து நின்ற வாகனம் எது என்று காவலர் சொல்லட்டும், மகாராஜா."

காவலர் பல்லக்கைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பட்டத்து யானை, அவர் கையில் இருப்பது தின்பண்டமோ என்று தும்பிக்கையை நீட்டிக் கீல் சட்டியை முகர்ந்தது.

ராஜா தம் யானையின் வெள்ளைத் தந்தங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஆரம்பித்த சிரிப்பு, பாகன் எட்டிப் பிடிக்காவிட்டால் அவரை அம்பாரியிலிருந்தே தள்ளியிருக்கும். சிரித்து ஓய்ந்ததும், கீலைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். சட்டத்தையும் அதோடு கொட்டிவிட்டதாகச் சொன்னார். பிறகு ராயசம் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று கேட்டார். இன்று நேற்று இல்லை, தினமும்தான் என்று கோமு எடுத்துக்கொடுத்தாள். நாற்பது அடி பாடியவர் பல்லக்குத் திரையை இழுத்து மூடிக்கொண்டார். சுவரைக் கழுவிக் கொடுத்துவிட்டு, தை பிறக்கும்வரை அரண்மனைக்கு நடந்தே வரவேண்டும் என்று உத்தரவானது. பல்லக்குத் தூக்கிகள் ராஜாவை மனதார வாழ்த்தினார்கள்.

ராஜா வெயிலுகந்தானைப் பக்கத்தில் அழைத்தார். "உன் மாட்டின் கொம்பு இரண்டையும் தேய்த்து மெருகேற்றிப் பொன் குப்பி போட்டுவிடுகிறேன்."

வெயிலுகந்தானின் முகம் வெளுத்தது. கீலைக் கண்டுகூட அவன் அப்படிப் பயப்படவில்லை.

"பொன் வேண்டாம், மகாராஜா. என் மாட்டுக்கு இனி நிற்பதென்றாலே பயம். ஐப்பசியானால் மழை பிடித்துவிடும். தங்கள் தேர்க் கொட்டகையில் அது நிற்க ஓர் இடம் கொடுத்தால் போதும். எத்தனை தாம்பூலமானாலும் யாரும் கேட்கக் கூடாது."

ராஜா மறுபடியும் சிரித்து, கொட்டகையோடு ஆயுளுக்கும் அகத்திக்கீரையும் சேர்த்துக் கொடுத்தார். கூட்டத்தில் நின்ற ஆவுடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் அடை மழை பிடித்தது. ராயசம் முழங்கால் சேற்றில் அரண்மனைக்கு நடந்து வரும்போதெல்லாம், தேர்க் கொட்டகையில் மயிலை சொட்டு நனையாமல் அசைபோட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பார். மாட்டைப் பார்த்து அவர் வயிறு எரிந்ததாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள். தையில் எல்லா மாட்டுக்கும் புது வண்ணம் ஏறியது. மயிலைக்கு மட்டும் பழைய நீலமே இருந்தது. இப்படியாக ராஜா சிரித்தார், ராயசம் நடந்தார், மயிலை நனையாமல் நின்றது.