கண்ணாடியில் படிந்த பழி

ஒரு காட்டில், உயரமான பாறையின் உச்சியில், மனிதர்கள் கட்டிவிட்டு மறந்துபோன அறை ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர், மேலே தகரக் கூரை. உள்ளே உட்கார்ந்தால் காடு முழுவதும் தெரியும்.

அந்தக் காட்டில் செந்நாய்க் கூட்டம் ஒன்று திரிந்தது. அதற்குப் பயந்து, புல் மேயும் விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு மந்தியை அந்த அறையில் காவல் வைத்தன. மழையானாலும் புயலானாலும் மந்தி உள்ளே இருந்தபடியே நாலா பக்கமும் பார்க்கும். செந்நாயின் தலை தெரிந்தால் வாசலுக்கு ஓடிவந்து குரல் கொடுக்கும். மான்கள் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். கண்ணாடி தெளிவாக இருந்தால்தான் அவற்றுக்கு உயிர்.

கண்ணாடியைக் கழுவும் வேலையைக் காட்டுப்பன்றி கேட்டு வாங்கிக்கொண்டது. அதற்குத் தன்னைப் பற்றி மிகவும் பெருமை. பாறைக்குக் கீழே, சுண்ணாம்புக் கல் இடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. உச்சி வெயிலில், மற்ற விலங்குகள் நிழலில் படுத்துக்கொண்டு தன்னைப் பார்க்கும் நேரமாகப் பார்த்து, பன்றி பழைய தகர வாளி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு ஊற்றுக்கும் பாறைக்கும் நடக்கும். தண்ணீரைக் கண்ணாடிமேல் வீசிக் கொட்டும். துடைக்காது. கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் தானாகவே காய்ந்துவிடும். பிறகு தலைவரான காட்டெருமையிடம் போய், இன்றைக்கும் முதுகு ஒடிய உழைத்தேன் என்று சொல்லிவிட்டு வரும்.

காட்டெருமை நல்லதுதான். ஆனால் அதற்கு வம்பு வழக்கு என்றாலே ஆகாது. எது வந்தாலும் சீக்கிரம் முடித்துவிட்டு அசைபோட வேண்டும்.

சில வாரங்களில் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தோன்றின. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுகள் ஆயின. வெளியே பார்த்தால் பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல இருக்கிறது என்று மந்தி போய்ச் சொன்னது. காட்டெருமை பன்றியைக் கூப்பிட்டுக் கேட்டது.

பன்றிக்குக் கோபம் வந்துவிட்டது. "தினமும் கழுவுகிறவனையா கேட்கிறீர்கள்? கூரைக்கு அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குருவியின் எச்சமும் வெள்ளை, இந்தக் கறையும் வெள்ளை. இதற்குமேல் என்ன விசாரணை?"

கூரைக்கு அடியில் ஒரு தகைவிலான் குருவி குடியிருந்தது. ஈர மண்ணை உருண்டை உருண்டையாக அலகில் கொண்டுவந்து ஒட்டி, கிண்ணம்போல ஒரு கூடு கட்டியிருந்தது. கூட்டில் முட்டைகள் இருந்தன.

குருவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இரை தேடப் போயிருந்த நேரத்தில் காட்டெருமை பாறைமேல் ஏறிவந்து, கொம்பால் ஒரே இடி இடித்தது. கூடு உடைந்து விழுந்தது. முட்டைகளும் உடைந்தன. திரும்பிவந்த குருவியிடம், இனி இந்தப் பாறைப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வேலையைச் செய்து முடித்த திருப்தியோடு காட்டெருமை அசைபோடப் போய்விட்டது. ஒரு தாயின் முட்டைகளை உடைப்பதற்கு, நிறம் ஒன்றாக இருக்கிறது என்ற சாட்சி போதுமாக இருந்தது.

குருவி போன பிறகாவது கறை நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. இன்னும் தடித்தது. பழைய எச்சம் ஊறிப்போய்விட்டது என்று பன்றி சமாதானம் சொன்னது. வாளி வாளியாகக் கூடுதலாகக் கொட்டியது. அப்படியும் போகாததால், மேற்குப் பக்கக் கண்ணாடியை ஆற்று மணல் போட்டுத் தேய்த்தது. கறையோடு கண்ணாடியும் கீறிப்போய், அந்தப் பக்கம் மொத்தமும் மங்கிவிட்டது.

செந்நாய்கள் மேற்கே இருந்துதான் வந்தன. மந்தியின் கண்ணுக்கு அவை தெரியவே இல்லை. புள்ளிமானின் குட்டி ஒன்றைச் செந்நாய் காலில் கடித்துவிட்டது. தாய்மான் முட்டித் தள்ளி எப்படியோ குட்டியை மீட்டது. நொண்டும் குட்டியைக் கூட்டிக்கொண்டு அது நேரே காட்டெருமையிடம் வந்தது.

"குருவியைத்தான் துரத்திவிட்டீர்களே, பிறகு கறை எங்கிருந்து வருகிறது?"

தாய்மான் அங்கிருந்து அசையாமல், குருவியை அழைத்துவந்து கேட்டால்தான் போவேன் என்று நின்றது. வேறு வழியில்லாமல் ஓடைக்கு அப்பால் இருந்த குருவிக்கு ஆள் போயிற்று.

குருவி வந்து ஒரு கிளையில் உட்கார்ந்தது. அழவில்லை. கெஞ்சவும் இல்லை.

"தலைவரே, பன்றியார் கழுவினால் எதுவும் சுத்தமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கொம்பையும் அவரே கழுவட்டும். அதே ஊற்று, அதே வாளி, அதே உச்சி வெயில். துடைக்க வேண்டாம். உங்கள் கொம்பில் எந்தப் பறவையும் கூடு கட்டப்போவதில்லை. கொம்பு இதேபோல் கறுப்பாக இருந்தால், நான் இந்தக் காட்டையே விட்டுப் போய்விடுகிறேன்."

பன்றிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலைவரின் கொம்பைக் கழுவும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? சந்தோஷமாக ஒப்புக்கொண்டது. இதோடு தொல்லை ஒழியும் என்று காட்டெருமையும் சம்மதித்தது.

தினமும் உச்சி வெயிலில் காட்டெருமை பாறையருகே நின்றது. பன்றி வாளி வாளியாகக் கொம்பில் ஊற்றியது. வெயில் அதை உலர்த்தியது. முதலில் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு புள்ளிகள். அடுத்த அமாவாசைக்குள் கன்னங்கரேலென்று பளபளத்த கொம்பு, சாம்பலில் புரட்டி எடுத்ததுபோல ஆகிவிட்டது. காட்டெருமை மரத்தில் தேய்த்துப் பார்த்தது. சேற்றில் குத்திப் பார்த்தது. போகவில்லை.

கூட்டம் கூடியது. எல்லோரும் கொம்பையே பார்த்தார்கள். பன்றி தரையைப் பார்த்தபடி, தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் அதற்கு நான் என்ன செய்வேன் என்று முணுமுணுத்தது.

காட்டெருமை தொண்டையைக் கனைத்தது. "நடந்தது நடந்துவிட்டது. பன்றி தெரிந்து செய்யவில்லை. பாவம், நாள் தவறாமல் உழைத்தவன். இதை இத்தோடு விட்டுவிடலாம்."

குருவி காட்டெருமையின் எதிரே வந்து உட்கார்ந்தது.

"என் கூட்டை இடிக்கும்போது இந்தப் பொறுமை எங்கே போயிற்று? எனக்கு ஒரு நாள் தவணை கொடுத்தீர்களா? இவர் உழைத்தார் என்கிறீர்கள். நானும்தான் ஒவ்வொரு உருண்டையாக மண் சுமந்தேன். தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பது இவருக்குத் தெரியாது, சரி. நான்தான் செய்தேன் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது?"

தாய்மான் தன் குட்டியை முன்னே நகர்த்தி நிறுத்தியது. குட்டியால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை.

காட்டெருமை தலையைத் தாழ்த்தியது. "கூட்டை இடித்தது என் கொம்பு. கேட்காமல் இடித்தது என் தவறு. இதை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்."

அப்போது காட்டு எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்த மந்தி, பாதிப் பழத்தைக் காட்டெருமையின் கொம்பில் சும்மா தேய்த்துப் பார்த்தது. சாறு பட்ட இடத்தில் வெள்ளை பொங்கி இளகியது. ஒரு துடைப்பில் கறுப்பு தெரிந்தது. புளிப்புக்குச் சுண்ணாம்பு தாங்காது என்பது அப்படித்தான் அந்தக் காட்டுக்குத் தெரியவந்தது.

எல்லோரும் பழம் பறித்து வந்தார்கள். வெயில் இறங்கிய பிறகு சாற்றைக் கண்ணாடியில் பூசி, காயவிடாமல் ஊறவைத்தார்கள். நாணல் பூவால் மெதுவாகத் துடைத்தார்கள். பாறைக் குழிகளில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரால் அலசி, ஈரம் இல்லாமல் மறுபடி துடைத்தார்கள். தடித்த கறைக்குத் திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருந்தது. கடைசியில் மூன்று பக்கமும் தெளிந்தது. இனிமேல் மழைத்தண்ணீரில்தான் கழுவ வேண்டும், கழுவியதும் ஒரு சொட்டுக்கூட நிற்காமல் துடைத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

மேற்குப் பக்கம் மட்டும் தெளியவில்லை. கறை போயிற்று; மணல் போட்ட கீறல் போகவில்லை. எந்தப் பழச்சாறும் அதை மாற்றவில்லை.

அந்தப் பக்கத்துக்கு என்ன செய்வது என்று தாய்மான் கேட்டது. கண்ணாடியைக் கெடுத்தவனே அதற்குப் பதிலாக நிற்க வேண்டும் என்று காட்டெருமை தீர்ப்புச் சொன்னது. அன்று முதல் பன்றி, மழையிலும் வெயிலிலும், அறைக்கு வெளியே மேற்கு நோக்கி நின்று காவல் காத்தது. உழைக்கிறேன் என்று அது யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

காட்டெருமை குருவியிடம், நீ தாராளமாகத் திரும்பி வரலாம், அனுமதி தருகிறேன் என்றது.

"அனுமதியா?" என்றது குருவி. "நீங்கள் இங்கே காவல் வைப்பதற்கு முன்பிருந்தே இந்தக் கூரை என் வீடு. வருகிறேன். ஆனால் நீங்கள் அழைத்ததற்காக அல்ல."

சொல்லிவிட்டு அது ஓடைக்கரைக்குப் பறந்தது. அலகில் முதல் மண் உருண்டையோடு திரும்பி வந்தது.

நீதி: உழைப்பைக் காட்டித் தவறை மறைக்காதே, விசாரிக்காமல் எளியவர்மேல் பழி போடாதே.